சோதனை முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்: அறிகுறிவழி நோய்க் கண்காணிப்பு மென்பொருளைத் தொடங்குவோருக்கு

“கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிசல்ட் வரட்டும் டாக்டர், வந்ததும் மொத்தமாக என்ட்ரி போட்டுவிடுகிறோம்” என்ற பதிலை வடசென்னையின் கிளினிக்குகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். கடைசியாகக் கேட்டது, கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் வாந்திபேதி பரவியபோது. அந்தத் தெருவினர் வழக்கமாகப் போகும் மூன்று கிளினிக்குகளிலும் கண்காணிப்பு மென்பொருள் இருந்தது, பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நாளுக்கு இரண்டு மூன்று நோயாளிகள் கூடுதலாக வந்திருக்கிறார்கள். தனித்தனியே பார்க்கும்போது எந்த மருத்துவருக்கும் ஐயம் எழாத எண்ணிக்கைதான் அது. மூன்றையும் ஒரே திரையில் கூட்டிக் காட்டத்தான் மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. ஒரு குழந்தை நீர்ச்சத்து வற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே எங்களுக்குத் தகவல் வந்தது. குடிநீர்க் குழாயைத் தோண்டிப் பார்த்தபோது, அதன் உடைப்பில் கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது என்பதற்காக இதை விட்டுவிட முடியாது.

அறிகுறிவழிக் கண்காணிப்பில் நாம் பதிவு செய்வது நோயின் பெயரை அல்ல. நோயாளி என்ன தொந்தரவோடு வந்தார் என்பதை மட்டுமே. பேதியோடு வந்தவருக்குக் காலராவா, ரோட்டா வைரஸா, கெட்டுப்போன உணவா என்பது அன்று மாலை தெரிய வேண்டியதில்லை, தெரியவும் செய்யாது. மலப் பரிசோதனையில் கிருமியை வளர்த்து அடையாளம் காண இரண்டு மூன்று நாட்களாவது ஆகும். அதற்குள் நோயாளி மருந்துக்கடையில் ஏதேனும் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியிருந்தால் கிருமி வளராமலே போகலாம். (மாதிரியை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாதவர்கள் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்தாவது அனுப்புங்கள், வெறும் டப்பாவில் மறுநாள் மதியம் வந்து சேரும் மாதிரியால் எவருக்கும் பயனில்லை.) எத்தனையோ பேர் ஆய்வகத்தின் வாசலையே மிதிப்பதில்லை. சோதனை முடிவு வந்தவர்களை மட்டும் எண்ணுவோம் என்றால், ஒரு தெருவில் உண்மையில் நோயுற்றவர்களில் மிகச் சிறிய பகுதியைத்தான், அதுவும் காலம் கடந்து, எண்ணிக்கொண்டிருப்போம்.

“உறுதி செய்யாமல் எழுதினால் தவறான தகவல் ஆகிவிடாதா” என்று கேட்கும் மருத்துவ நண்பர்களுக்கு இளம்பிள்ளை வாதத்தை நினைவூட்டுகிறேன். நம் நாட்டில் போலியோவை விரட்டிய கண்காணிப்பில் “இது போலியோ” என்று எவரும் உறுதி செய்துவிட்டுத் தகவல் தரவில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தாலும், காரணம் எதுவாக இருந்தாலும், உடனே தகவல் தர வேண்டும் என்பதே விதி. தகவல் வந்த பிறகுதான் இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட்டன. பதிவான குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் போலியோ இல்லை. அப்படி இல்லாதவர்களையும் விடாமல் பதிவு செய்ததால்தான் 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கைப் போலியோ (தடுப்பு மருந்திலிருந்து வராத போலியோ) நோயாளி எவரும் இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. 2014 மார்ச்சில் சான்றும் கிடைத்தது.

இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலராவைப் போலவே கடும் பேதியோடு நோயாளிகள் வந்தார்கள். ஆனால் அவர்களிடம் கண்ட கிருமி, காலராவுக்கு அன்று வைத்திருந்த ஓ1 (காலராக் கிருமியின் அதுவரை அறிந்த வகை) சோதனைக்குக் கட்டுப்படவில்லை. பின்னர் ஓ139 என்று பெயர் பெற்ற புதிய வகை அது. அதுவரை இருந்த ஆய்வக இலக்கணத்தின்படி அது காலராவே அல்ல; நோயாளியின் உடலில் வற்றிய நீருக்கோ அந்த இலக்கணம் தெரியாது. ஆய்வகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் தனக்குத் தெரிந்ததைத்தான் தேடும். அறிகுறி எண்ணிக்கை, தெரியாததையும் காட்டிக்கொடுக்கும். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் சுகாதாரப் பணியாளரின் அறிகுறிப் படிவம், மருத்துவரின் உத்தேச நோய்ப் படிவம், ஆய்வகப் படிவம் என்று மூன்றைத் தனித்தனியே வைத்ததும், இன்று ஐஎச்ஐபி (ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம்) இணையத் தளத்திலும் அந்த மூன்றும் தொடர்வதும் இதனால்தான். ஒன்று வரும்வரை மற்றொன்றை நிறுத்திவைக்க எந்த விதியும் சொல்லவில்லை.

இனித் தொடங்கும் முறைக்கு வருகிறேன். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் தகவல் மென்பொருளான டிஎச்ஐஎஸ்2 ஆனாலும், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இயங்கும் ‘சர்வெய்லன்ஸ்’ தொகுப்பு ஆனாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த மென்பொருள் என்பதில் மாதக்கணக்கில் கூட்டம் போடாதீர்கள். முதல் வாரத்தின் உழைப்பு முழுவதும் அறிகுறிப் பட்டியலில் செலவாகட்டும். ஒரு வாரத்துக்குட்பட்ட காய்ச்சல், அதோடு தடிப்பு, அதோடு இரத்தக்கசிவு, இருமல், தண்ணீர்ப் பேதி, இரத்தப் பேதி, மஞ்சள் காமாலை, திடீர்த் தளர்வாதம் என்று பத்துப் பன்னிரண்டு வகைகள் போதும். வடசென்னையில் இருப்பவர்கள் கண் எரிச்சலோடு கூடிய மூச்சுத்திணறலைத் தனி வகையாகக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவை நாம் மறந்துவிடக் கூடாது. தொழிற்சாலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருக்கும்போது கண்காணிப்பு என்பது கிருமிகளோடு நின்றுவிடாது.

பிறகு உங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரே தொந்தரவை ஒருவர் ‘லூஸ் மோஷன்’ என்றும், இன்னொருவர் ‘எல்.எம்.’ என்றும், மூன்றாமவர் நோயாளி சொன்னபடியே ‘வயித்தால போகுது’ என்றும், மருத்துவர் ‘ஜி.இ.’ என்றும் எழுதியிருப்பார்கள். இவை அனைத்தும் தண்ணீர்ப் பேதியையே குறிக்கும் என்று மென்பொருளுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டு “நம்ம ஏரியாவில் பேதியே இல்லை” என்று மகிழ்ந்திருந்த ஓர் இடத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ‘வைரல் ஃபீவர்’ என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது அறிகுறியும் அன்று, உறுதியான நோயும் அன்று. தடிப்பு இருந்ததா, இரத்தம் கசிந்ததா என்பதையெல்லாம் அது விழுங்கிவிடுகிறது.

அடுத்து, எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வெற்றுக் கட்டம். பேதி நோயாளி எவரும் வராத நாளில் 0 என்று பதிய வேண்டும், கிளினிக் மூடியிருந்தால் விடுமுறை என்று குறிக்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. மறந்துபோய் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஏழு நாட்களின் எண்ணிக்கை 4, 6, 5, 3, 7, 5, 5 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ 1.3. சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி எச்சரிக்கை எல்லை வகுப்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயர்ஸ் (EARS) முறை. அதன்படி எல்லை 8.9. எட்டாம் நாள் 9 பேர் வந்தாலே எச்சரிக்கை ஒலிக்கும். மூன்றாம் நாளின் 5ஐப் பதியாமல் விட்டு, மென்பொருள் அதை 0 என்று எடுத்துக்கொண்டால், சராசரி 4.3 ஆகக் குறைந்தாலும் திட்டவிலக்கம் 2.3 ஆக ஏறிவிடும். எல்லை 11ஐத் தாண்டிவிடும். 9 பேரோ, 10 பேரோ, 11 பேரோ வந்தாலும் திரை அமைதியாகவே இருக்கும். ஒரு நாள் பதிவு செய்யாததன் விலை இவ்வளவு. சனிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஒரே தேதியில் ஏற்றுபவர்கள் இதைவிடப் பெரிய கேடு செய்கிறார்கள்: உண்மையான நோயாளிக் கூட்டத்தை மறைப்பதோடு, இல்லாத கூட்டத்தையும் உருவாக்குகிறார்கள்.

அதே இயர்ஸ் முறையில் சி1, சி2 என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். சி1 நேற்றோடு முடியும் ஏழு நாட்களை எடுத்துக்கொள்ளும்; சி2 நடுவில் இரண்டு நாட்களை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஏழு நாட்களை எடுத்துக்கொள்ளும். நாளுக்குச் சிலராக மெல்ல ஏறும் பேதி, சி1இல் தன் எண்ணிக்கையையே சராசரிக்குள் கலந்து தன்னை மறைத்துக்கொள்ளும். எனவே இரண்டையும் இயக்கிவையுங்கள்.

நோயாளியின் வீட்டு முகவரியைக் கேளுங்கள். வார்டு எண்ணும் தெருவின் பெயரும் இருந்தால் போதும். கிளினிக்கின் முகவரி தானாக விழும்படி அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் எல்லாரும் ராயபுரத்துக்காரர்கள் என்று வரைபடம் காட்டினால் எந்தக் குழாயை நாங்கள் போய்ப் பார்ப்பது? நோய் தொடங்கிய நாளும், கிளினிக்குக்கு வந்த நாளும் தனித்தனியே இருக்கட்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் இந்தத் திரைக்குத் தேவையில்லை. அவற்றை வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஞாயிறு மூடியிருந்த கிளினிக்கில் திங்களன்று எண்ணிக்கை ஏறுவது இயல்பே. முதலில் நோட்டை எடுத்து, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு தெருக்களைப் பாருங்கள். இரண்டு மூன்று வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் அன்றே மாநகராட்சி சுகாதார ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் வந்து அந்தத் தெருவின் கடைசிக் குழாயில் குளோரினை அளப்பார்; லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட இல்லையென்றால் மற்றதை ஆய்வகம் மெதுவாகச் சொல்லட்டும், குழாயை உடனே மூடலாம். எச்சரிக்கையைப் பார்க்க வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதைப் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டாமல் மென்பொருளைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தெருவில் தண்ணீர் நின்ற பிறகு மென்பொருளை நிறுவினால், நோய் பெருகிய நாட்களையே அது இயல்பான நாட்கள் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே ஆகஸ்டிலேயே பதிவைத் தொடங்கிவிடுங்கள். பேதி குறைவாக இருக்கும் அந்த வாரங்களின் எண்ணிக்கைதான் நவம்பரில் எங்களுக்கு வேண்டும்.