நெகிழி என்று எழுதி, கவர் என்று கேட்கிறோம்

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பலகை தொங்குகிறது: 'நெகிழிப் பைகளைத் தவிர்ப்பீர்'. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் "அண்ணே, நாலு டீ பார்சல், கவர்ல கட்டிருங்க" என்று சொல்கிறோம். அவரும் கொதிக்கக் கொதிக்க டீயை மெல்லிய பையில் ஊற்றி, வாயை முறுக்கி, நூலை விறுவிறுவென்று நாலு சுற்று சுற்றிக் கையில் கொடுக்கிறார். அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டில் பை லேசாகத் தொய்ந்து இழுபடும். அந்தத் தொய்வுக்குத்தான் தமிழில் நெகிழ்தல் என்று பெயர். பலகையில் இருக்கும் சொல்லும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றுதான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

முதலில் பிளாஸ்டிக். இந்தச் சொல் அந்தப் பொருளைவிட வயதில் ரொம்ப மூத்தது. கிரேக்கத்தில் 'பிளாஸ்ஸெய்ன்' என்றால் களிமண்ணையோ மெழுகையோ பிசைந்து உருவம் கொடுப்பது. அதிலிருந்து 'பிளாஸ்டிகோஸ்', உருவம் கொடுக்கத் தோதானது. குயவர் வீட்டுச் சொல் என்றே வைத்துக்கொள்ளலாம். 1907இல் லியோ பேக்லண்ட் அமெரிக்காவில் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைச் செய்தார், 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் கிடைத்தது. இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகுதான் குணத்தைச் சொன்ன சொல் பொருளின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பெயர் அதற்கும் முந்தியது. அதில் பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று நம்பிய ஒரு சித்தப்பா எனக்கு உண்டு. அங்கே அந்தச் சொல்லுக்கு உருவத்தைச் சீராக்குவது என்றுதான் பொருள். தமிழில் அதை ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை என்கிறார்கள். நல்லவேளை, யாரும் நெகிழி அறுவை என்று போடவில்லை.

சரி, நெகிழி. வேர் 'நெகிழ்': இளகு, தளர், குழை. மனம் நெகிழ்ந்தது என்கிறோமே, அதே சொல். 'தொடியொடு தோள்நெகிழ' என்று குறளில் பிரிவில் வாடும் பெண் சொல்வதும் இதுதான், வளையல் தளர்ந்து தோள் மெலிவது. கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்திருந்தால் 'வனை' என்ற குயவர் வினையிலிருந்து ஒரு பெயர் வந்திருக்க வேண்டும், அதுதான் இன்னும் நெருக்கம். ஆனால் நிலைத்தது நெகிழி, எனக்கும் அதில் குறையில்லை. ஒரே ஒரு இடத்தில் இடிக்கும்: குக்கர் கைப்பிடி. அதுவும் பிளாஸ்டிக் வகைதான், ஆனால் நெகிழவே நெகிழாது, அடுப்புத் தீ பட்டால் உருகாமல் கருகும். பள்ளிப் புத்தகம் இதற்கு வழி வைத்திருக்கிறது, சூட்டில் திரும்பத் திரும்ப உருகுவது இளகும் வகை, ஒரு தடவை இறுகினால் இறுகினதுதான் என்பது இறுகும் வகை.

சிலர் ஞெகிழி என்றும் எழுதுகிறார்கள். தப்பில்லை, நண்டு பழைய தமிழில் ஞண்டு, அந்த மாதிரி. என்ன, சங்கப் பாட்டில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. குப்பைமேட்டில் பிளாஸ்டிக் எரிந்து கண்ணைக் கரிக்கும் சாயங்காலங்களில் அந்தப் பழைய பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

நெகிழி என்ற சொல்லின் பலம், அது புதுச் சொற்களைக் குட்டி போடும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளை நுண்நெகிழி என்றால் விளக்கமே வேண்டாம். ஆனால் கடைவாசலில் அது தோற்றுப்போகிறது, அங்கே கவர்தான் ராஜா. கடித உறைக்கு வந்த சொல் எப்படியோ பைக்கு மாறிவிட்டது. தமிழில் கவர் என்றால் பறித்துக்கொள் என்று பொருள், 'கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்பதில் வருவது. வீட்டில் பத்து துணிப்பை மடித்துக் கிடக்க, கடையில் கை நீட்டி நாம் கேட்பதும் கவர்!

எனக்கு உண்மையான எரிச்சல் வேறு இரண்டு பெயர்கள் மேல். ஒன்று பேப்பர் கப். அதன் உட்புறத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், சவ்வு மாதிரி உரியும். காகிதம் டீயைத் தாங்காது என்பதால் பூசிய பாலிதீன் அது. இன்னொன்று ஜவுளிக்கடைகளில் தரும் அந்தச் சொரசொரப்பான பை. துணிப்பை என்று நம்பித் துவைத்துக்கூட வைக்கிறோம், அது நெய்ததே இல்லை, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. ஒரு நூல் உருவிப் பாருங்கள், வராது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் இந்த இரண்டும் உண்டு என்பது பலருக்கும் தெரியாது, பெயரிலேயே நெகிழியை ஒளித்து வைத்தால் எப்படித் தெரியும்?

அப்புறம் மஞ்சப்பை. இலக்கணமாகச் சொன்னால் மஞ்சள் பை, ஆனால் அப்படி யார் சொல்கிறார்கள்? கல்யாணத் தாம்பூலத்தோடு வந்த மங்கலப் பொருள், இடையில் 'மஞ்சப்பையத் தூக்கிட்டு வந்துட்டான்' என்று பட்டிக்காட்டானைக் கிண்டல் செய்யும் சொல்லாகிவிட்டது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று பேச்சு வழக்கிலேயே திட்டத்துக்குப் பெயர் வைத்தது, மறு வருடம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தள்ளும் எந்திரமும் வந்தது. சொல் கமிட்டி ஏதாவது இருந்திருந்தால் 'மஞ்சள் வண்ணத் துணிப்பை' என்று திருத்திக் கெடுத்திருப்பார்கள்.

டீக்கும் இப்படி ஒரு பழைய சொல் இருக்கிறது, தூக்குவாளி. பரணில் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போன வாரம் அதே கடைக்குப் போனேன். மாஸ்டர் வாங்கி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆறு டீ புடிக்கும்போல இருக்கே, நாலு போதுமா?"