துப்பாக்கிக் கடை எத்தனை அடி தள்ளி என்று கேட்கும் பெற்றோருக்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஐந்து வயதுப் பையனுக்குத் தடுப்பூசி போட வந்திருந்த ஓர் அம்மா, ஊசி போட்டு முடிந்ததும் தன் போனை என் பக்கம் நீட்டினார். "டாக்டர், இதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்களேன்." தொடக்கப் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, காலியாகக் கிடந்த இடத்தில் துப்பாக்கிக் கடை வரப் போகிறது. அதை எதிர்த்துப் பெற்றோர் எழுதிய மனு அது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாளாக இதே பேச்சுதான். நான் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அப்புறம், வருடாந்தரப் பரிசோதனைக்கு வரும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன். "வீட்ல துப்பாக்கி இருக்கா?"

பெரும்பாலான தமிழ் அம்மாக்கள் இதைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். இவர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "இருக்கு டாக்டர். கொரோனா சமயத்துல அவர் வாங்கினார். மேல் ஷெல்ஃப்ல துணிக்கு அடியில இருக்கு. இவனுக்குத் தெரியாது" என்றார்.

கையில் ஒட்டிய பேண்ட்-எய்டைத் தடவிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கி, "அப்பாவோட பிளாக் பாக்ஸா?" என்றான்.

நான் அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், அலமீடா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), குழந்தை மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் குழந்தைகளில் பாதிப் பேர் நம் ஊர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்த அம்மாவின் முகம் அந்த நொடியில் எப்படி மாறியது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடை விஷயம். எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடந்து வரும் வழி அது. காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கி அடுக்கியிருப்பதைத் தினமும் பார்த்து வளர வேண்டுமா? இரவில் கண்ணாடியை உடைத்துக் கொள்ளையடித்தால் அந்தத் துப்பாக்கிகள் யார் கைக்குப் போகும்? கடை திறக்க வந்தவர் தரப்பிலும் பதில் இருக்கிறது. சட்டப்படி உரிமம் வாங்கித்தான் திறக்கிறோம், வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்க்காமல் விற்க முடியாது, கலிபோர்னியாவில் பணம் கட்டிய பிறகும் 10 நாள் காத்திருந்துதான் எடுத்துப் போக முடியும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

குழுவில் பலர் கேட்ட கேள்வி: பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குத் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டமே இருக்கிறதே, பிறகு கடை எப்படி வரும்? சட்டம் இருக்கிறது. 1990இல் வந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் திருத்தி மறுபடி கொண்டுவந்தது. ஆனால் அது துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதைப் பற்றிய சட்டம். பள்ளி வளாகத்தைச் சேராத தனியார் இடங்களுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்கும் விலக்கு, கடைக்கும் விலக்கு. விற்பனை உரிமம் கொடுக்கும் ஏடிஎஃப் துறை, பள்ளி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று தானாக அளந்து பார்ப்பதில்லை. உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்கும். ஆகவே எல்லாம், எந்த இடத்தில் எந்தக் கடை வரலாம் என்று சொல்லும் உள்ளூர் மனை வகைப்பாட்டு விதியில்தான் நிற்கிறது.

இது எங்கள் கவுண்டியிலேயே நீதிமன்றம் வரை போன விஷயம். 2010இல் சான் லொரென்சோ பகுதியில் கடை திறக்க சிலர் விண்ணப்பித்தார்கள். பள்ளியிலிருந்தும் குடியிருப்புப் பகுதியிலிருந்தும் 500 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது கவுண்டியின் விதி. கடைக்காரர்கள் வாசலிலிருந்து வாசலுக்கு அளந்து, 500 அடிக்கு மேலே இருக்கிறது என்றார்கள். கவுண்டி ஊழியர்கள் கட்டடச் சுவரிலிருந்து வீட்டு மனையின் எல்லை வரை அளந்தார்கள். 446 அடி வந்தது. அந்த சில அடிகளுக்காக நடந்த வழக்கில், 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு கவுண்டியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. உள்ளூர் விதி நீதிமன்றத்திலும் நின்றிருக்கிறது என்பதற்கு இது ஆதாரம். ஊரார் நகர மன்றத்தில் போய்ப் பேசினாலும் பலன் உண்டு. மாசசூசெட்ஸில் நியூட்டன் நகரத்தில் 2021இல் இப்படியொரு கடை வரும் என்று தெரிந்ததும், சில வாரங்களுக்குள் நகர மன்றம் விதியை மாற்றி, சிறப்பு அனுமதி கட்டாயம் என்று ஆக்கியது. எனவே மனுவில் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வாருங்கள். நானும் வருவேன்.

ஆனால் அந்த 446 அடியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, படுக்கையறையிலிருந்து அலமாரி வரை உள்ள பத்து அடியைப் பற்றி நாம் பேசுவதில்லை. பள்ளிக்குள் வந்து சேரும் துப்பாக்கி பெரும்பாலும் பக்கத்துக் கடையிலிருந்து வருவதில்லை. அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவு பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கி பயன்படுத்திய மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சுட்ட பையனின் அப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. அந்தப் பெற்றோர் இருவருக்கும் 2024இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் நகரத்தில் 2023 ஜனவரியில் ஆறு வயதுப் பையன் வகுப்பிலேயே ஆசிரியையைச் சுட்டான். அவர் உயிர் பிழைத்தது பெரிய விஷயம். துப்பாக்கி அம்மாவுடையது, சட்டப்படி வாங்கியது. அலமாரி மேல் இருந்த அம்மாவின் கைப்பையிலிருந்து, இழுப்பறையைப் படிபோல வைத்து ஏறி எடுத்ததாகப் பையனே சொல்லியிருக்கிறான். "மேல் ஷெல்ஃப்ல இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இழுப்பறைதான் நினைவுக்கு வரும். முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இவர்கள்.

டெக்சஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் நடந்தது வேறு மாதிரி ஆயிற்றே என்று ஒருவர் கேட்டார். சரிதான். 2022 மே மாதம் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன் 18 வயது முடிந்த கையோடு கடையில் நேராக வாங்கினான். ஆனால் அங்கே எழுந்த கேள்வி எந்த வயதில் விற்கலாம் என்பது. கடை எத்தனை அடியில் இருந்தது என்பதால் எதுவும் மாறியிருக்காது.

"எம் பையன் தொட மாட்டான்" என்று சொல்லும் பெற்றோருக்கு நான் ஓர் ஆய்வைச் சொல்வேன். 2001இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை, இரண்டு மூன்று பேராக, ஓர் அறையில் கால் மணி நேரம் விட்டார்கள். ஓர் இழுப்பறையில் தண்ணீர்த் துப்பாக்கிகள். இன்னொன்றில் தோட்டா இல்லாத நிஜமான கைத்துப்பாக்கி. சுடும் அளவுக்கு விசையை அழுத்தினால் வெளியே ஒரு விளக்கு எரியும்படி உள்ளே கருவி வைத்திருந்தார்கள். மொத்தம் 29 குழுக்கள். 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன, 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் யாரோ ஒரு பையன் விசையை அழுத்தி அந்த விளக்கை எரியவைத்தான். கண்டுபிடித்த பையன்களில் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே நிச்சயமில்லை. எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே "துப்பாக்கியைத் தொடக்கூடாது" என்ற பாடம் கேட்டவர்கள். தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டுச் சுட்டு விளையாடிய நமக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? குழந்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூட்டு இல்லாததுதான் குற்றம்.

சின்னக் குழந்தைகளைவிட எனக்கு அதிகக் கவலை பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். மார்க் குறைந்தது, நினைத்த கல்லூரி கிடைக்கவில்லை, யாரோ பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அப்பா திட்டினார். அந்த ஒரு ராத்திரி மனசு உடைந்து கிடக்கும். விடிந்தால் சரியாகிவிடும் வாய்ப்பு நிறையவே உண்டு. ஹூஸ்டனில் தற்கொலை முயற்சியிலிருந்து மயிரிழையில் தப்பிய இளைஞர்களிடம் கேட்டபோது, நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை என்றார்கள். மற்ற வழிகளில் முயன்றவர்களைப் பெரும்பாலும் எங்களால் காப்பாற்ற முடிகிறது. துப்பாக்கி என்றால் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்ட வைக்க ஒரு பூட்டால் முடியும். உங்கள் பிள்ளையின் பேச்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள்; அதை எங்கே சட்டப்படி ஒப்படைக்கலாம் என்று காவல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். ராத்திரி எந்நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குக் கூப்பிடலாம்.

2020இலிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி. அதற்கு முன்னால் பல காலம் அந்த இடத்தில் வாகன விபத்து இருந்தது. கார் சீட் போட்டிருக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். ஃபுளோரிடாவில் டாக்டர்கள் அப்படிக் கேட்பதைக் கட்டுப்படுத்தி 2011இல் சட்டமே போட்டார்கள். 2017இல் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. நான் தொடர்ந்து கேட்கத்தான் போகிறேன்.

நீங்களும் கேட்க வேண்டும், அடுத்த வீட்டில். நம் ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளிலோ வங்கிக் காவலர் மடியிலோதான் பார்த்திருப்போம். கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தால்தான் உரிமம். அதனால் விளையாட அனுப்பும் வீட்டில் இப்படி ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. வந்தாலும், "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்ற கூச்சம். நான் தனியாக அதை மட்டும் கேட்கச் சொல்வதில்லை. "இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. உங்க வீட்ல நாய் இருக்கா? நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா? துப்பாக்கி இருந்தா பூட்டி இருக்குமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். கேட்டதற்காக நட்பு முறிந்ததாக இதுவரை யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. பதில் மழுப்பலாக வந்தால், "நீங்க எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன்" என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

இந்தக் கடையைப் பற்றி ஏற்கெனவே நடந்த ஒரு நகர மன்றக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். பள்ளி வழியில் இந்தக் கடை வேண்டாம் என்று முதல் நிமிடத்தில் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தை நியூ ஹாம்ப்ஷயரைப் பற்றிப் பேசச் செலவிட்டேன். அங்கே 2009இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். அந்தக் கடைக்காரர் அதைக் கேட்டு நொந்துபோய், பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, வாங்க வருகிறவரின் மனநிலை சரியில்லை என்று தெரிந்தால் விற்காமல் இருப்பது எப்படி என்று மற்றக் கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இன்று பல மாநிலங்களில் அந்த வேலை நடக்கிறது. கடை எங்கே வந்தாலும் அந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். முடிவு அடுத்த மாதக் கூட்டத்தில் தெரியும்.

அந்த அம்மாவின் கணவர் மறு வாரம் தனியாக வந்தார். திட்டு வாங்கப் போகிறோம் என்ற முகம். என் மேசை டிராயரில் கேபிள் பூட்டுகள் எப்போதும் சில இருக்கும். காவல் நிலையங்கள் பலவற்றில் இலவசமாகவே தருகிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு முழக் கம்பி, முனையில் சின்னப் பூட்டு. "இத எப்படி மாட்றது டாக்டர்?" என்றார். பரிசோதனைக் கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் தாளிலேயே வரைந்து காட்டினேன். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். துப்பாக்கியின் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே தோட்டா இல்லையென்று கண்ணாலும் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். காலி உறை வெளியே விழும் துளைக்குள் கேபிளை விட்டு, மேகசின் நுழையும் அடிப்பக்கம் வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். இனி ஸ்லைடு மூடாது, சுடாது. தோட்டாக்கள் வேறோர் இடத்தில், வேறொரு பூட்டுக்குள். கேபிளை வெட்டிவிடலாம் என்பதால் திருட்டுக்கு இது தாங்காது. சீக்கிரமே இரும்புப் பெட்டி வாங்கிவிடுங்கள், சாவியையோ எண்ணையோ பையன் பார்க்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, நான் வரைந்த இடத்தை மட்டும் தாளிலிருந்து கிழித்து, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.