ஆஃப்ஷோர்: கடலோரமா, அக்கரையா?

மலேசியத் தமிழரிடம் ‘ஆஃப்ஷோரில் வேலை’ என்றால் திரெங்கானு கடலிலோ சரவாக் கடலிலோ நிற்கும் எண்ணெய் மேடைதான் சட்டென்று நினைவுக்கு வரும். சைபர்ஜெயாவில் கணினிப் பணி செய்பவருக்கோ அதே சொல் வேறு: ஐரோப்பிய நிறுவனத்தின் வேலையை இங்கிருந்து முடித்துக் கொடுப்பது.

சொல் மாலுமிகளுடையது. ‘ஷோர்’ கரை, ‘ஆஃப்’ விலகி. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை அப்படிச் சொன்னார்கள். பிறகு அது எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனது. அப்புறம் வரி குறைந்த தீவுகளில் பதிவான கம்பெனிகளுக்கு. மலேசியத் தீவான லாபுவானில் பதிவாகும் கம்பெனிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஆஃப்ஷோர் இருந்தது. 2010இல் அதை எடுத்துவிட்டு ‘லாபுவான் கம்பெனிகள் சட்டம்’ ஆக்கினார்கள். அதற்குள் அந்தச் சொல்லில் வரி ஏய்ப்பின் வாடை ஏறிவிட்டிருந்தது.

தமிழில் இதைக் ‘கடலோர’ என்று எழுதுவது தவறு. கடலோரம் இந்தப் பக்கத்துக் கரை. ‘கடல்கடந்த’ சரி. எனக்குப் பிடித்தது ‘அக்கரை’. மலாயாவையே நம் முன்னோர் அக்கரைச் சீமை என்றுதான் அழைத்தார்கள். ‘அக்கறை’ என்று றகரம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அக்கரை என்பது இடத்தை மட்டும் சொல்கிறது. அங்கே வேலை செய்பவர் யாருடைய ஆள்? தொழில் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான். ‘அவுட்சோர்சிங்’ என்பது வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுப்பது. அந்த நிறுவனம் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம். அதற்கு ‘அயற்பணி’ போதும். விரைவில் தொடங்கலாம், முதலீடு குறைவு. வேலையின் நுணுக்கம் மட்டும் அவர்களிடமே தங்கிவிடும்.

‘கேப்டிவ் சென்டர்’ என்பதைச் ‘சிறைப்பட்ட மையம்’ என்று பெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். உரிமையாளருக்கு மட்டுமே உழைக்கும் இடம் அது. ‘சொந்த நடுவம்’ எனலாம். 1972இல் இன்டெல் தன் முதல் அயல்நாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது இந்த வகைதான். அதற்கும் வெகுகாலம் முன்பே வட்டித்தொழில் நடந்த பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் இதைச் செய்துவந்தார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் சம்பளம் பேசி அனுப்பிய ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கில் இங்கே கடையை நடத்துவார். பணமும் முதலாளியுடையது, ஆளும் அவருடையவர், கணக்கும் அவருக்கே போகும். ரகசியம் காக்க வேண்டிய தொழிலுக்கு, தொடக்கச் செலவு கூடினாலும், நான் இதையே சொல்வேன்.

இடைப்பட்டது ‘கட்டி, நடத்தி, ஒப்படைத்தல்’. உள்ளூர் நிறுவனம் ஒன்று அலுவலகம் அமைத்து, ஆள் எடுத்து, சில ஆண்டுகள் நடத்திவிட்டு உங்களிடம் தரும். இதில் தகராறு வருவது பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான். எந்தத் தேதியில், என்ன விலைக்கு ஒப்படைப்பு, ஊழியர்கள் உங்கள் நிறுவனத்துக்கு மாறும்போது அவர்களின் பணிக்காலம் தொடருமா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.