டிவியில் மின்னிய கம்ஷீல்டும் நம் பிள்ளைகளின் தலையும்

2025 பெண்கள் ரக்பி உலகக் கிண்ண இறுதிப் போட்டி இங்கே இலங்கையில் இரவு எட்டரைக்குத் தொடங்கியது. டுவிக்கன்ஹாமில் 81,885 பேர் பார்த்திருக்க, இங்கிலாந்து கனடாவை 33–13 என்று வென்றது. அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் என்னிடம் பிசியோவுக்கு மகளைக் கூட்டி வரும் அம்மாமார் கேட்பது இதைத்தான்: "தலையில அடிபட்டு வெளிய போனவ கொஞ்ச நேரத்தில திரும்பி வந்து விளையாடுறா. என்ர பிள்ளைக்கு மட்டும் ஏன் மூன்று கிழமை விளையாட்டு இல்லை?"

நியாயமான கேள்விதான். டிவியில் காட்டாததைச் சொல்கிறேன். வெளியே போகிறவருக்கு மூளை அதிர்ச்சி (concussion) இருக்கிறதா என்று 12 நிமிடம் மருத்துவர் சோதிக்கிறார். அந்த வீராங்கனை நலமாக இருந்தபோது எடுத்த அளவுகள் கையில் இருக்கும், அடிபட்ட காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பல்லைக் காக்க வாயில் போடும் கம்ஷீல்டுக்குள் உணரி இருக்கிறது. அதிர்வு எல்லை தாண்டினால் சிவப்பாக மின்னும். இவ்வளவு இருந்தும், மயங்கியவரையோ தள்ளாடியவரையோ அன்றைக்குத் திரும்ப விடுவதில்லை. நம் மைதானத்தில் இருப்பது ஒரு கோச், ஒரு ஐஸ் பெட்டி. அதனால் இங்கே சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைய ஆட்டம் முடிந்தது. ஒரே நாளில் பல மட்ச் நடக்கும் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) போட்டியில் அடுத்த மட்ச் பின்னேரம் இருந்தாலும் இதேதான்.

இன்னொன்று, எதிராளி தலையில் இடிக்க வேண்டும் என்றில்லை. டாக்கிளில், அதாவது எதிராளி பிடித்து விழுத்தும்போது, மல்லாக்க விழுந்து கழுத்து தாங்காமல் பின்தலை நிலத்தில் மோதுவது பெண்கள் ஆட்டத்தில் அதிகம் காண்பது. என்னிடம் வருபவர்களில் பலர் வலைப்பந்திலிருந்து பிந்தி ரக்பிக்கு வந்தவர்கள். ஓட்டம் இருக்கிறது, பந்துப் பிடி இருக்கிறது. விழத்தான் யாரும் பழக்கவில்லை. நாடியை (முகவாயை) நெஞ்சோடு ஒட்டி விழுவதை மெத்தையில் பழக்குங்கள். கழுத்துக்கு ஜிம் வேண்டாம்: தோழி நாலு பக்கமும் கையால் தள்ள, தலை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். பெப்ரவரி வெயிலில் மைதானம் சீமெந்துபோல் காய்ந்திருக்கும்போது இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும்.

"தலையிடி இல்லை மிஸ்" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஒரு பிள்ளை அப்படிச் சொல்லிக்கொண்டே, வெளிச்சம் கூச, டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், ஒக்டோபர்... ஓகஸ்ட். செப்டெம்பரைக் காணோம். திரும்பக் கேட்டாலும் அதே இடத்தில்தான் தடுமாற்றம்.

ஸ்கேன் கிளியர் என்று வந்தாலும் மூளை அதிர்ச்சி இல்லை என்று ஆகாது. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். பனடோலுக்குத் தலையிடி அடங்கினால் சுகம் என்றும் எடுக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கை கால் சோர்வு, எழுப்ப எழுப்பத் தூக்கம் என்றால் என்னிடம் வர வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கழுத்து நொந்தால் பிள்ளையை அசைக்கவும் கூடாது.

அந்த மூன்று கிழமை நான் வைத்த கணக்கல்ல. மருத்துவக் குழு பக்கத்தில் இல்லாத மட்டங்களுக்கு உலக ரக்பி அமைப்பு சொல்வது: 21 நாளுக்கு முன் மட்ச் இல்லை, உடல் மோதும் பயிற்சிக்கு முன் 14 நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் ஓய்வு, போனும் குறைவு. பிறகு நடை; பள்ளிக்கூடமும் டியூஷனும் பழையபடி ஓடிய பிறகு பந்து. கோச் அவசரப்படுத்தினால் நீங்கள் வாதாட வேண்டாம். திகதி போட்டுக் கடிதம் தருவேன், அதைக் கொடுங்கள்.