விலை மாறலாம், கருவி வரையறை மாறக்கூடாது

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். மல்லிகையின் விலை நான்கு மணிக்கு ஒன்றாகவும் ஏழு மணிக்கு வேறொன்றாகவும் இருக்கும். அங்குள்ள ஒரு கமிஷன் கடைக்காக, விவசாயிகளும் சில்லறை வியாபாரிகளும் வாட்ஸ்அப்பில் கேட்பவற்றுக்கு விடை சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை நாங்கள் அமைத்தோம். விலை பார்ப்பது, பற்று வரவு சொல்வது, ஆர்டர் பதிவது என அதற்குப் பதினெட்டுக் கருவிகள், அதாவது அது தேவைப்படும்போது அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்கள், கொடுத்திருந்தோம். முதல் மாதப் பில் நாங்கள் போட்ட கணக்கை வெகுவாகத் தாண்டியது. காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, பிழை நாங்கள் எழுதிய கருவி வரையறைகளிலேயே இருந்தது.

ஏபிஐ, அதாவது நம் நிரல் ஏஐ நிறுவனத்தின் சேவையை அழைக்கும் வழி, மூலம் நாம் அனுப்பும் ஒவ்வொரு அழைப்பும், ஏஜென்டுக்குப் பின்னால் இருந்து விடையை உருவாக்கும் மொழி மாதிரிக்குப் புதிதுதான். முந்தைய அழைப்பில் சொன்னது எதுவும் அதன் நினைவில் இராது. எனவே கருவியின் பெயர், விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் ஜேசான் (JSON என்ற தரவு வடிவம்) அமைப்பு ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு விவசாயி "என் கணக்கில் எவ்வளவு நிற்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலும், ஏஜென்ட் அதற்குள் நான்கு முறை மாதிரியை அழைக்கக்கூடும். மாதிரி உரையைத் துண்டாக்கிப் படிக்கும் அலகுதான் டோக்கன், விலையும் அதன் எண்ணிக்கையில்தான். வரையறைகள் 8,000 டோக்கன் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கேள்விக்கே 32,000 டோக்கன் அவற்றுக்காக மட்டும் செலவாகிறது.

இதற்குத் தீர்வாகத்தான், ஒருமுறை அனுப்பிய பகுதியைச் சேமித்து வைத்து அடுத்த அழைப்பில் குறைந்த விலைக்குப் படித்துக்கொள்ளும் கேச் வசதி இருக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 ஆகஸ்டிலும் ஓப்பன்ஏஐ அதே ஆண்டு அக்டோபரிலும் இதைத் தங்கள் ஏபிஐயில் கொண்டுவந்தன. ஓப்பன்ஏஐயில் 1,024 டோக்கனைத் தாண்டிய அழைப்புகளுக்கு இது தானாகவே நடக்கும். ஆந்த்ரோபிக்கின் மாதிரியான கிளாடில், கடைசிக் கருவியின் வரையறையில் ஒரு குறி வைத்தால், அதுவரை உள்ள கருவிகள் அனைத்தும் கேச்சில் ஏறும். ஐந்து நிமிடம் நிற்கும் கேச்சில் எழுதுவதற்குச் சாதாரண விலையைப் போல் 1.25 மடங்கும், பிறகு படிப்பதற்குச் சாதாரண விலையில் பத்தில் ஒரு பங்கும் ஆகும். மேலே சொன்ன நான்கு அழைப்புகளுக்கு, 32,000 டோக்கனுக்கான விலை 12,400 டோக்கனுக்கான விலையாகக் குறைந்துவிடும்.

ஆனால் இந்தச் சலுகை முழுவதும் ஒரே நிபந்தனையில் நிற்கிறது. அழைப்பின் தொடக்கத்திலிருந்து குறி வைத்த இடம் வரை ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். கிளாடில் முதலில் கருவிகள், அடுத்துப் பொது அறிவுறுத்தல், அதன்பின் உரையாடல் என்ற வரிசையில் கேச் அமைவதால், கருவியில் செய்யும் சிறு திருத்தமும் பின்னால் உள்ள அனைத்தையும் செல்லாததாக்கிவிடுகிறது. நாங்களோ விலை பார்க்கும் கருவியின் விளக்கத்திலேயே அன்றைய மல்லிகை, பிச்சி விலைகளையும், அவை எடுக்கப்பட்ட நேரத்தையும் நொடி வரைக்கும் சேர்த்து எழுதியிருந்தோம். அதனால் ஒவ்வொரு அழைப்பும் புதிதாக எழுதப்பட்டது. கேச் இல்லாமலே இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவை விடக் கூடுதலாகவே கட்டினோம். விலையை விளக்கத்திலிருந்து எடுத்து, கருவி திருப்பித் தரும் விடையில் வைத்த பிறகும் கேச் சரியாக அமையவில்லை. கருவிப் பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து வரிசை குறிப்பிடாமல் எடுத்ததால் அதன் ஒழுங்கு அவ்வப்போது மாறியிருக்கிறது. பெயர் வரிசையில் நிலைநிறுத்திய பிறகே அது தீர்ந்தது.

இத்தகைய பிழைக்கு எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது என்பதே என் கவலை. விடை சரியாகவே வரும். பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வரையறைகள் மாதிரிக்குரிய குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டாலும் அப்படித்தான், கேச் ஆகாமலே அழைப்பு முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பதிலோடும் வரும் பயன்பாட்டுக் கணக்கில், கேச்சில் எழுதியது எத்தனை டோக்கன், கேச்சிலிருந்து படித்தது எத்தனை டோக்கன் என்ற இரண்டையும் பதிவுசெய்து பாருங்கள். படித்த எண் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் எங்கோ ஏதோ மாறிக்கொண்டிருக்கிறது, அல்லது வரையறைகள் அந்தக் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை.

நேரமும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பயன்பாட்டின்போதும் ஐந்து நிமிடம் புதுப்பிக்கப்படுவதால், விடியற்காலை நெருக்கடியில் கேச் அணையாமல் நிற்கிறது. ஆனால் முதல் பதில் தொடங்கிய பிறகே அது பிற அழைப்புகளுக்குக் கிடைக்கும் என்பதால், ஒரே நொடியில் பத்து அழைப்புகளை அனுப்பினால் பத்தும் தனித்தனியே எழுதும். ஒன்றை முதலில் விட்டு, மற்றவற்றைச் சற்றே நிறுத்தி அனுப்புகிறோம். பிற்பகலில் இருபது நிமிடத்துக்கு ஒரு கேள்வி வரும்போது, எழுதுவதற்கு இரு மடங்கு விலையுள்ள ஒரு மணி நேரக் கேச்சே கட்டுப்படியாகிறது.

தமிழ் விளக்கம் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் பிடிக்கும் என்பதால் வரையறைகளை ஆங்கிலத்தில் சுருக்கச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. "பற்று" என்று விவசாயி சொல்வது முன்பணத்தையா நிலுவையையா என்பதைத் தமிழில் விரித்து எழுதியபோதுதான் ஏஜென்ட் சரியான கருவியைத் தேர்ந்தெடுத்தது. அந்த விரிவுக்கு ஆகும் செலவைக் கேச் தாங்கிக்கொள்கிறது.

எனினும் கேச்சில் இருக்கும் டோக்கனும் மாதிரியின் சூழல் இடத்தை, அதாவது அது ஒரே நேரத்தில் கணக்கில் கொள்ளக்கூடிய உரையின் அளவை, நிரப்பவே செய்கிறது; கருவிகள் மிகுந்தால் தேர்வும் குழம்புகிறது. மாதக் கடைசியில் மட்டும் தேவைப்படும் ஏழு கருவிகளை நாங்கள் தனி ஏஜென்டுக்கு மாற்றிவிட்டோம். சந்தை நேரத்தில் இப்போது பதினொன்றுதான் அனுப்புகிறோம்.