பச்சை பட்டனை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்?

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்திக் கையை எடுத்துவிடுகிறோம். பட்டன் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்திய சேதி உள்ளே எங்கோ தங்கியிருக்கிறது, இல்லையா? பெட்டியைத் திறந்தால் (மெயினை அணைத்துவிட்டுத்தான்!) விடை கிடைக்கும். பட்டனை அழுத்தியதும் காயிலுக்கு (மின்காந்தமாக மாறும் கம்பிச்சுருள்) மின்சாரம் போய், அது மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டை இழுத்து மூடுகிறது. கூடவே மூடிக்கொள்ளும் சின்ன துணைக் காண்டாக்ட் ஒன்று, பட்டனைத் தாண்டிப் போகும் குறுக்குவழியாக அதே காயிலுக்கு மின்சாரம் தருகிறது. காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. சிவப்பு பட்டன் அந்தப் பிடியை விடுவிக்கும். கரண்ட் போனாலும் எல்லாம் மறந்துபோகும்.

கணினி போன்ற மின்னணுக் கருவிகளில் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1ஐ, ஞாபகம் வைத்திருக்கும் சுற்றுக்கு ஃப்ளிப்-ஃப்ளாப் என்று பெயர். அது செய்வதும் இதே வித்தைதான். 1918இல் பிரிட்டனில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் இரண்டு வெற்றிடக் குழாய்களை ஒன்றோடொன்று கோத்து இதற்குக் காப்புரிமை கோரினார்கள். இன்று குழாய்க்குப் பதில் டிரான்சிஸ்டர்.

0, 1 என்ற உள்ளீடுகளைப் பார்த்து ஒரு வெளியீடு தரும் சின்னச் சுற்றுதான் கேட். அதில் நார் (NOR) வகையில் இரண்டை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு எல்லாமே 0 என்றால்தான் நார் கேட் 1 தரும். ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டில் மாற்றி மாற்றி இணைத்தால், நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாட்ச் தயார். மிச்சமிருக்கும் உள்ளீடுகளில் ஒன்று செட், இன்னொன்று ரீசெட். செட்டில் ஒரு கணம் 1 கொடுங்கள்: அந்த கேட் 0 ஆகும், அதைப் பார்த்து எதிர் கேட் 1 ஆகும். இப்போது செட்டை எடுத்துவிட்டாலும், எதிர் கேட்டின் 1 திரும்பி வந்து முதல் கேட்டை 0வாகவே அமுக்கி வைக்கிறது. ஒரு பிட் பதிவாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் 1 கொடுத்து, ஒரே நேரத்தில் எடுத்தால் மட்டும் வம்பு. எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த வம்பே வேண்டாம் என்றுதான் டி ஃப்ளிப்-ஃப்ளாப். அதற்கு ஒரே தரவு உள்ளீடு, கூடவே ஒரு கிளாக், அதாவது 0, 1 என்று மாறி மாறித் துடிக்கும் சமிக்ஞை. கிளாக் 0விலிருந்து 1க்கு ஏறும் அந்த நொடிப்பொழுதில் தரவு என்னவோ அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அடுத்த ஏற்றம் வரை தரவு எப்படி ஆடினாலும் கண்டுகொள்ளாது. பரிசோதனைக் கூடத்தில் மாணவர்கள் கையில் புழங்கும் 7474 சில்லில் இப்படி இரண்டு இருக்கின்றன.

எனக்குப் பிடித்த விளையாட்டு இனிமேல்தான். டி ஃப்ளிப்-ஃப்ளாப்பின் தலைகீழ் வெளியீட்டை (பிடித்து வைத்தது 1 என்றால் 0, 0 என்றால் 1 தருவது) அதன் தரவு உள்ளீட்டிலேயே மாட்டிவிட்டால், ஒவ்வொரு கிளாக் ஏற்றத்துக்கும் நிலை புரளும். இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வரும். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் வினாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. விசித்திரமான எண் போலத் தெரிந்தாலும், 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது அதுதான். 15 ஃப்ளிப்-ஃப்ளாப்புகளை வரிசையாக மாட்டினால் 16,384, 8,192, 4,096 என்று பாதிப் பாதியாக இறங்கி, கடைசியில் வினாடிக்குச் சரியாக ஒரே துடிப்பு. முள் ஒரு கோடு நகர்கிறது.