வாலில்லாத ட்ரோன் திரும்புவது எப்படி?

ட்ரோனுக்கு வாலும் இல்லை, சுக்கானும் இல்லை, பிறகு எப்படி நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்புகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரொம்ப நல்ல கேள்வி.

மேலே எழும்புவது பள்ளிக்கூடப் பாடம்தான். விசிறி காற்றைக் கீழே தள்ள, காற்று விசிறியை மேலே தள்ளுகிறது. நான்கு விசிறிகள் கொண்ட, ஒரு கிலோ எடையுள்ள ட்ரோன் அந்தரத்தில் நிற்க ஒவ்வொரு விசிறியும் கால் கிலோவைத் தாங்கினால் போதும். முன்னால் போக வேண்டுமென்றால் பின் விசிறிகள் வேகமெடுக்கும், முன் விசிறிகள் வேகம் குறையும், ட்ரோன் மூக்கைத் தாழ்த்தும், தூக்குவிசையில் ஒரு பங்கு முன்னே இழுக்கும். பக்கவாட்டிலும் இப்படியே.

திரும்புவதுதான் அழகு! மோட்டார் விசிறியை வலமாகச் சுற்றும்போது, காற்றின் தடையை எதிர்த்துச் சுற்றுவதால் ட்ரோனின் உடல் இடமாகத் திரும்பப் பார்க்கும். காலைத் தூக்கிக்கொண்டு சுழல்நாற்காலியில் உட்கார்ந்து தோளைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினால் நாற்காலி இடப்பக்கம் போகுமே, அந்த மாதிரி. ஹெலிகாப்டரில் இந்தத் தொல்லையை அடக்கத்தான் வாலில் சின்ன விசிறி வைக்கிறார்கள். நான்கு விசிறி ட்ரோனிலோ எதிரெதிர் மூலைகளில் உள்ள ஒரு ஜோடி வலமாகவும் மற்ற ஜோடி இடமாகவும் சுற்றுகின்றன, திருப்புவிசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். இப்போது வலமாகச் சுற்றும் ஜோடியைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மற்றதை அதற்கேற்பக் குறையுங்கள். மொத்தத் தூக்குவிசை அப்படியே இருப்பதால் உயரம் மாறாது, எதிரெதிர் மூலைகள் என்பதால் எந்தப் பக்கமும் சாயாது, மிஞ்சுவது திருப்புவிசை மட்டும், உடல் இடமாகத் திரும்பும். முன்னிரண்டும் ஒரே திசையில் சுற்றும்படி வைத்திருந்தால் திரும்பும்போதெல்லாம் மூக்கு ஏறி இறங்கும். ஹெலிகாப்டருக்குத் தொல்லையாக இருந்ததையே இங்கே சுக்கானாக்கியிருக்கிறார்கள், எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

நான்கு சுழலி யோசனை ஒன்றும் புதிதல்ல. 1907-லேயே பிரான்சில் பிரேகே சகோதரர்களின் இயந்திரம் ஆளோடு தரையை விட்டு எழுந்தது, ஆனால் அது சாய்ந்துவிடாமல் நான்கு பேர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைச் செய்வது ஒரு சில்லுக்குள் அதிரும் நுண்ணிய சிலிக்கான் துண்டு: ட்ரோன் திரும்பினால், சுழலும் ஒன்றுக்குள் நகரும் பொருளை ஒதுக்கித் தள்ளும் கொரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும், அதை அளந்து நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மோட்டார் வேகங்கள் திருத்தப்படுகின்றன. அந்த விசையைப் பற்றி பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலிஸ் எழுதியது 1835-ல், சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்தபோது. ட்ரோன் திட்டங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்காவது, இப்படி உடனே பலன் தெரியாத அடிப்படை ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஒரு மோட்டார் நின்றுபோனால்? சாதாரண ட்ரோன் கவிழ்ந்து விழும். சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள்: முகத்தை ஒரே திசையில் வைத்திருக்கும் முயற்சியை விட்டுவிட்டு, உடலைத் தொடர்ந்து சுழலவிட்டபடியே மீதி விசிறிகளைக் கொண்டு பத்திரமாக இறக்கலாம். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பலவற்றில் ஆறு விசிறிகள் இருப்பதற்கு, பாரம் தூக்குவதோடு, ஒன்று போனாலும் சமாளிக்கலாம் என்பதும் ஒரு காரணம்.